கோபுரத்தின் மூன்றாவது புள்ளி

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி உயரம், 11 நிலை. அடித்தளம் 135 அடிக்கு 98 அடி. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கித் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் காலத்தில் முடிந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கோபுரத்தின் முன்னால், பௌர்ணமி என்றில்லை, சாதாரண நாளிலும் போனை மேலே தூக்கிப் பிடித்தவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். எடுத்த படத்தைப் பார்த்ததும் பலருக்கு ஒரு குறை தோன்றுகிறது. கோபுரம் பின்பக்கம் சரிந்து நிற்கிறது. இருபுறமும் உள்ள விளக்குக் கம்பங்கள், கடைகளின் சுவர்கள் எல்லாம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. இதை நிமிர்த்திக் கொடுக்கும் வசதி போனிலேயே இருக்கிறது. நிமிர்ந்த படம்தான் உண்மை, சாய்ந்த படம் கேமராவின் பிழை என்று நம்பி அதை அழுத்துகிறோம். ஓவிய வகுப்புகளிலோ இதே எண்ணம் வேறொரு வடிவத்தில் உலவுகிறது. ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று பெர்ஸ்பெக்டிவ் முறைகளை வரிசையாகச் சொல்லிக்கொடுத்து, மூன்றாவதை மட்டும் பிரம்மாண்டம் காட்டுவதற்கான உத்தி, சினிமா போஸ்டருக்கும் காமிக்ஸுக்கும் உரியது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு எண்ணங்களுமே தவறு. மூன்றாவது புள்ளி பிழையும் அல்ல, அலங்காரமும் அல்ல. பார்ப்பவர் தலையை எவ்வளவு நிமிர்த்தினார் என்பதன் துல்லியமான பதிவு அது. கட்டடத்தை எத்தனை புள்ளியில் வரைவது என்பதைக் கட்டடம் தீர்மானிப்பதில்லை. படம் விழும் தளத்தின் சாய்வுதான் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ராஜகோபுரத்தைவிடப் பொருத்தமான கட்டடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

அடிப்படை எளிமையானது. 1435இல் இத்தாலியில் அல்பெர்த்தி ஓவியத்தைப் பற்றி எழுதியபோது, படம் என்பது ஒரு ஜன்னல் என்றார். அந்த ஜன்னலில் ஒரு கண்ணாடித் தகடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணால், தலையை அசைக்காமல் பார்க்கிறோம். கோபுரத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கண்ணுக்கு வரும் ஒளிக்கதிர் கண்ணாடியை எங்கே துளைக்கிறதோ அங்கே ஒரு புள்ளி வைத்தால் கோபுரத்தின் படம் கிடைத்துவிடும். படத்தளம் என்பது இந்தக் கண்ணாடிதான். அடுத்தது மறைபுள்ளி. ஒரே திசையில் ஓடும் இணைகோடுகள் படத்தில் எங்கே போய்ச் சேரும் என்று அறிய, கண்ணிலிருந்து அதே திசையில் ஒரு கோட்டை நீட்டினால் போதும். அந்தக் கோடு கண்ணாடியைத் தொடும் இடமே அத்தனை இணைகோடுகளுக்கும் பொதுவான மறைபுள்ளி. நீட்டிய கோடு கண்ணாடிக்கு இணையாகவே போய் அதைத் தொடாமல் இருந்தால் அந்தத் திசைக்கு மறைபுள்ளி கிடையாது. அந்தக் கோடுகள் படத்திலும் இணையாகவே நிற்கும். பெர்ஸ்பெக்டிவ் என்ற பெயரில் நாம் மனப்பாடம் செய்யும் அத்தனை விதிகளும் இந்த இரண்டு கருத்துகளுக்குள் அடங்கும்.

கோயிலுக்கு வருவோம். மதிலும் கோபுரங்களும் திசை பார்த்து எழுந்தவை. ஆகவே இங்கே முக்கியமான திசைகள் மூன்று: கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு, கீழ் மேல். கிழக்கு வாசலுக்கு நேரெதிரே நின்று கண்ணாடியைச் செங்குத்தாகப் பிடித்தால் வடக்கு தெற்குக் கோடுகளும் நிமிர்ந்த கோடுகளும் கண்ணாடிக்கு இணை. உள்ளே மேற்கு நோக்கி ஓடும் கோடுகள் மட்டும் ஒரு புள்ளியில் சேரும். அதே கண்ணாடியைச் செங்குத்தாகவே வைத்துக்கொண்டு மூலைப்பக்கம் நகர்ந்து நின்றால் இரண்டு புள்ளிகள். மூலையில் நின்றபடி கண்ணாடியை மேல்நோக்கிச் சாய்த்தால் நிமிர்ந்த கோடுகளும் அதற்கு இணையாக இல்லாமல் போகின்றன. மூன்றாவது புள்ளி பிறக்கிறது. பாடப்புத்தகங்கள் சொல்லாமல் விடும் ஒரு நிலையும் இங்கே உண்டு. வாசலுக்கு நேரெதிரே, நடுக்கோட்டில் நின்றபடி போனை மேலே சாய்க்கிறோம். ராஜகோபுரத்தின் முன் பெரும்பாலோர் எடுக்கும் படம் இதுதான். இதில் மறைபுள்ளிகள் இரண்டே: ஒன்று மேற்குத் திசைக்கு, இன்னொன்று வானத்தை நோக்கி. வடக்கு தெற்குக் கோடுகள் படத்தில் கிடையாகவே இருக்கும். எண்ணிக்கைப்படி இது இரண்டு புள்ளிப் படம். ஆனால் புத்தகத்தில் இரண்டு புள்ளி என்று அச்சிட்டிருக்கும் படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எண்ணிக்கையை வைத்து வகை பிரிப்பது எவ்வளவு தடுமாற்றம் தரும் என்பதற்கு இந்த ஒரு படமே சாட்சி.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். கண்ணாடியை முழுவதுமாகக் கிடத்தித் தலைக்கு மேலே பிடித்தால் என்ன ஆகும்? இப்போது நிமிர்ந்த கோடுகள் கண்ணாடியைச் செங்குத்தாகத் துளைக்கின்றன. கிடையான இரண்டு திசைகளும் அதற்கு இணையாகிவிடுகின்றன. ஆக மறைபுள்ளி ஒன்றே, அதுவும் உச்சியில். ரோம் நகரில் சாந்த் இக்னாசியோ தேவாலயத்தின் விதானத்தில் அந்திரேயா போட்சோ 1694இல் முடித்த ஓவியம் இப்படிப்பட்டது. தட்டையான பரப்பல்ல, வளைந்த கூரை. அதனால் வேலை இன்னும் கடினம். கீழே தரையில் பதித்திருக்கும் ஒரு பளிங்கு வட்டத்தின் மீது நின்று பார்த்தால், தேவாலயத்தின் தூண்களுக்கு மேலே இன்னொரு தூண்வரிசை எழுந்து வானத்துக்குள் போவதாகத் தெரியும். அங்கிருந்து நகர்ந்தால் அந்தத் தூண்கள் சரியத் தொடங்கும். ஆக, நிமிர்ந்த தூண் என்ற ஒரே பொருள் செங்குத்துத் தளத்தில் நிமிர்ந்தும், சாய்ந்த தளத்தில் தூரத்துப் புள்ளியை நோக்கிக் குவிந்தும், கிடைத்தளத்தில் உச்சியிலுள்ள ஒற்றைப் புள்ளிக்கு ஓடியும் தெரிகிறது. தூண் மாறவே இல்லை.

சாய்வு எவ்வளவு என்பதைக் கணக்கிடவும் முடியும். கோபுரத்தின் உயரமே உள்ள ஒரு நேர்கம்பம், 217 அடி, 200 அடி தொலைவில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். பார்ப்பவரின் கண் தரையிலிருந்து 5 அடியில். உச்சியைப் பார்க்கப் பார்வை ஏறத்தாழ 46½ பாகை உயர வேண்டும். அடியைப் பார்க்க ஒன்றரை பாகைக்குச் சற்றுக் குறைவாகத் தாழ வேண்டும். இரண்டும் படத்துக்குள் சமமாக அடங்கப் பார்வையின் நடுக்கோட்டை 22½ பாகை உயர்த்துகிறோம். படத்தளம் கண்ணிலிருந்து 30 சென்டிமீட்டர். தாளைக் கையில் வைத்துப் பார்க்கும் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கணக்குப் போட்டால், கண் மட்டத்தைக் குறிக்கும் அடிவானக் கோடு படத்தின் மையத்துக்கு 12.4 சென்டிமீட்டர் கீழே விழுகிறது. நிமிர்ந்த கோடுகளின் மறைபுள்ளி மையத்துக்கு 72.4 சென்டிமீட்டர் மேலே போய் நிற்கிறது. கம்பத்தின் உச்சியோ மையத்துக்கு 13½ சென்டிமீட்டர் மேலேதான். அதாவது மூன்றாவது மறைபுள்ளி உச்சியைத் தாண்டிக் கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர் தள்ளி, தாளுக்கு வெளியே எங்கேயோ இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் இந்தப் புள்ளியைத் தாளுக்குள்ளேயே, கலசத்துக்குச் சற்று மேலே வைத்துவிடுகிறார்கள். மூன்று புள்ளிப் படங்கள் கோரமாக நெளிவதற்கும், அந்த முறையே மிகை என்று பெயர் வாங்கியதற்கும் முக்கியக் காரணம் இந்த இடப்பிழைதான். முறையில் குறை இல்லை. தாளைச் சுவரில் ஒட்டி, ஆணி அடித்து, நூல் கட்டி வரையும் பொறுமை வேண்டும், அவ்வளவே.

அந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள். 12.4, 72.4: பெருக்குத்தொகை 900க்கு மிக அருகில் வரும். 30இன் வர்க்கம் 900. இது தற்செயல் அல்ல. மையத்திலிருந்து அடிவானக் கோட்டின் தூரத்தையும் உச்சி மறைபுள்ளியின் தூரத்தையும் பெருக்கினால், கண்ணுக்கும் படத்துக்கும் உள்ள தூரத்தின் வர்க்கம் வந்தே தீரும். எனவே ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். சாய்வை 10 பாகையாகக் குறைத்தால் மறைபுள்ளி 170 சென்டிமீட்டர் மேலே ஓடுகிறது. 45 பாகையாக்கினால் 30 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. சாய்வு பூஜ்யமானால் எல்லையற்ற தூரத்துக்குப் போகிறது, நிமிர்ந்த கோடுகள் இணையாகின்றன. இரண்டு புள்ளி முறை என்று தனியாக ஒன்று கிடையாது. மூன்று புள்ளி முறையில் சாய்வு பூஜ்யமாகும் ஒரு தருணத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது.

ராஜகோபுரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு உயரம் மட்டும் காரணமல்ல. கோபுரம் தானாகவே மேலே போகப் போகக் குறுகுகிறது என்பதுதான் பெரிய காரணம். கருங்கல் அடித்தளத்தின் சுவரும் அரைத்தூண்களும் நேர்குத்தாக நிற்கின்றன. அதற்கு மேல் செங்கல்லும் சுதையுமாக எழும் நிலைகள் அகலத்திலும் உயரத்திலும் படிப்படியாகச் சுருங்கி, உச்சியில் ‘சாலை’ எனப்படும் நீண்ட, வண்டிக்கூடு போன்ற கூரையில் முடிகின்றன. கட்டியவர்கள் தந்த குறுகல் ஒன்று. பார்வை தரும் குறுகல் இன்னொன்று. படத்தில் இரண்டும் கலந்தே வருகின்றன. கோபுரத்தின் விளிம்புகளை மேலே நீட்டிச் சந்திக்கும் இடத்தை மூன்றாவது மறைபுள்ளி என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. முன்பக்கத்து இரண்டு விளிம்புகளும் நீட்டினால் ஒரு புள்ளியில் சந்திக்கும். ஆனால் அது வெளியில் நிஜமாகவே உள்ள ஓர் இடம், அந்தக் கோபுரத்துக்கு மட்டும் சொந்தமான இடம். மறைபுள்ளி அப்படியல்ல. படத்தில் நேர்குத்தாக நிற்கும் ஒவ்வொரு பொருளுக்கும், அடித்தளத்து அரைத்தூணுக்கும் முன்மண்டபத் தூணுக்கும் மின்கம்பத்துக்கும், அது பொது. விளிம்புகளின் சந்திப்பு எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் படத்தில் அது மறைபுள்ளிக்குக் கீழேதான் விழும். வரைந்ததைச் சோதிக்க எளிய வழி உண்டு. பக்கத்திலிருக்கும் மின்கம்பத்தையும் வரைந்து பார்க்க வேண்டும். கம்பம் கோபுரத்தின் சரிவு விளிம்புகள் சந்திக்கும் அதே புள்ளியை நோக்கிச் சாய்ந்தால் படம் தவறு. கம்பம் அதைவிட நிமிர்ந்து, வெகு உயரத்தில் உள்ள வேறொரு புள்ளியை நோக்கினால் சரி.

நிலைகளின் உயரத்திலும் இதே இரட்டைக் கணக்கு உண்டு. மேலே சொன்ன கம்பத்தைச் சரிபாதியாகப் பிரித்தால், 22½ பாகை சாய்ந்த படத்தில் கீழ்ப்பாதி 16 சென்டிமீட்டர் அளவுக்கு வரும், மேல்பாதி 11 சென்டிமீட்டர்தான். செங்குத்துப் படத்தளத்திலோ இரு பாதிகளும் சமம், தலா 16 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கோபுரத்தின் நிலைகள் ஏற்கெனவே சிறுத்துக்கொண்டே போவதால் சாய்ந்த படத்தில் மேல்நிலைகள் இன்னும் வேகமாக நெருங்குவதுபோலத் தெரியும். கீழே நிற்பவரின் கண், சிறுத்த நிலையைத் தூரத்து நிலையாக எடுத்துக்கொண்டு கோபுரத்துக்கு உள்ளதைவிட அதிக உயரத்தைக் கொடுத்துவிடுகிறது என்று நினைக்க இடமிருக்கிறது. கட்டியவர்கள் அதை உத்தேசித்தே செய்தார்களா, சுமையைக் குறைக்கச் செய்ததன் விளைவாக அது அமைந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்; இரண்டுமே ஒரே வடிவத்துக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இவ்வளவு தெளிவான விஷயம் ஏன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது? வரலாற்றில் பெரும்பாலான படங்கள் செங்குத்துத் தளத்திலேயே பிறந்தன என்பது ஒரு விடை. ஓவியம் சுவரில் நிமிர்ந்து தொங்கும். ஜன்னலும் நிமிர்ந்தே இருக்கும். 1790களில் தென்னிந்தியாவைச் சுற்றி வந்து தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் வரைந்த தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் கேமரா அப்ஸ்க்யூரா என்ற இருட்டுப் பெட்டியின் துணையோடு வரைந்தவர்கள். நேர்குத்துகளை நேராக நிறுத்துவது அந்தக் காலத்துக் கட்டட ஓவியத்தின் வழக்கம். 1858இல் தஞ்சையையும் மதுரையையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் காலத்துப் பெட்டிக் கேமராக்களிலும், கட்டடம் எடுப்பவர்கள் தகட்டை நிமிர்த்தியே வைப்பார்கள். உயரம் வேண்டுமானால் தகட்டைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவது பழைய தொழில்நுட்பம். இந்த வழக்கம் நாளடைவில் விதியாகவே கருதப்பட்டது. அதை எதிர்த்த குரலும் பழையது. இங்கிலாந்தின் கணித அறிஞர் புரூக் டெய்லர் 1715இல் பெர்ஸ்பெக்டிவ் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மறைபுள்ளி என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயர் அதிலிருந்து நிலைபெற்றது. எல்லாத் தளமும் சமம், அடிவானக் கோட்டுக்கு மட்டும் தனி மரியாதை கொடுத்தால் கற்பவரின் புத்தி அங்கேயே கட்டுண்டுவிடும் என்பது அவர் நிலைப்பாடு. 300 ஆண்டுகள் கழிந்தும் நம் வகுப்புகள் அடிவானக் கோட்டில் தொடங்கி அடிவானக் கோட்டிலேயே முடிகின்றன.

மூன்றாவது புள்ளிக்கு எதிராக மறுப்புகளும் உண்டு. முதல் மறுப்பு கண்ணிலிருந்து வரும். நேரில் அண்ணாந்து பார்க்கும்போது கோபுரம் சாயவில்லையே, படத்தில் மட்டும் ஏன் சாய வேண்டும் என்பார்கள். நியாயமான கேள்வி. நேரில் பார்க்கும்போது கண் ஓரிடத்தில் நிற்பதில்லை. தலை எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பதைக் கழுத்தும் உள்காதும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தகவலை வைத்து மூளை குவிதலைக் கழித்துவிட்டு, கம்பம் நேர்தான் என்று முடிவு செய்கிறது. படத்தை மேசைமேல் வைத்துக் குனிந்து பார்க்கும்போது நிமிர்ந்த தலை இல்லை, கழிப்பதற்குக் காரணமும் இல்லை. குவிதல் அப்படியே தெரிகிறது. இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். மேலே சொன்ன அளவுகளில் வரைந்த படத்தை முகத்துக்கு நேரே எடுத்து, பார்வையை 22½ பாகை உயர்த்தி, படமும் அந்தப் பார்வைக்குச் செங்குத்தாக இருக்குமாறு சாய்த்து, 30 சென்டிமீட்டரில், ஒற்றைக் கண்ணால் பார்த்தால் கோடுகள் அத்தனையும் கோபுரத்தின் கோடுகள் இருந்த திசைகளிலேயே வந்து பொருந்தும். நேர்குத்து நேர்குத்தாகும். நிமிர்த்திய படத்தை அதே மேசையில் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தால் கோபுரத்தின் மேல்நிலைகள் கனத்து, தலைபெருத்துத் தெரியும். அதற்கும் காரணம் படத்துக்கு உரிய இடத்தில் கண் இல்லாததே. எந்தப் படமானாலும் ஒரே ஓர் இடத்திலிருந்து பார்த்தால்தான் முழு உண்மை. யாரும் அப்படிப் பிடித்துப் பார்க்கப் போவதில்லை என்பது சரியே. அதனால் வரைபவர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சாய்வு ஓரிரு பாகை மட்டும் இருந்தால் பார்ப்பவர் அதைக் கவனக்குறைவு என்றே எடுத்துக்கொள்வார், அப்போது நிமிர்த்திவிடலாம். 20 பாகைக்கு மேல் அண்ணாந்து பார்த்ததை நிமிர்த்தினால் படம் பார்த்தவரின் அனுபவத்தை மறுக்கிறது.

இரண்டாவது மறுப்பு மரபிலிருந்து வருவது. நம் ஸ்தபதிகள் மறைபுள்ளி இல்லாமலேயே இத்தனை கோபுரங்களை எழுப்பினார்கள். மயமதம், மானசாரம் போன்ற சிற்ப நூல்கள் அளவைப் பேசுகின்றன, தாளமும் அங்குலமும் பேசுகின்றன. பெர்ஸ்பெக்டிவ் வெளியிலிருந்து வந்த சரக்கு, நமக்கு எதற்கு? உண்மையின் பெரும்பகுதி இதில் இருக்கிறது. கட்டுவதற்குத் தேவை தரைப்படமும் அளவு குறித்த முகப்புப் படமும்தான். அவற்றில் இணைகோடு இணையாகவே இருக்க வேண்டும், 10 அடி எங்கிருந்து பார்த்தாலும் 10 அடியாகவே இருக்க வேண்டும். பெர்ஸ்பெக்டிவ் படத்தைக் கையில் கொடுத்து யாரையும் கோபுரம் கட்டச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு படங்களும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. ஒன்று, கோபுரம் எப்படி இருக்கிறது. மற்றது, இந்த இடத்தில் நிற்பவருக்கு அது எப்படித் தெரிகிறது. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்த சில்பி, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்; சிற்பத்தின் அளவு மரபையும் நேரில் காணும் பார்வையையும் அவர் கை சேர்த்தே பிடித்தது. ஒன்றை ஏற்றால் மற்றதைக் கைவிட வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை.

மூன்றாவது மறுப்பு ஆசிரியர்களுடையது, எனக்கு இதுவே கனமானதாகத் தோன்றுகிறது. நம் பொறியியல் கல்லூரிகளின் முதலாண்டு வரைபடப் பாடத்தில், அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம் உட்பட, பெர்ஸ்பெக்டிவ் நெடுங்காலம் இடம்பெற்று வந்திருக்கிறது. பட்டகம், கூம்பகம் போன்ற எளிய திண்மங்களைக் காட்சிக் கதிர் முறையில் வரைவது அது. அங்கே படத்தளம் எப்போதும் செங்குத்து. காரணம் நியாயமானது: செங்குத்துத் தளத்தில் உயரங்கள் ஒரே விகிதத்தில் இறங்குவதால் அளவுக்கோடு ஒன்றை வைத்து எல்லா உயரத்தையும் எடுத்துவிடலாம், ஒரு மணி நேரத்தில் கணக்கு முடியும், மதிப்பெண் போடவும் எளிது. தளத்தைச் சாய்த்தால் பக்கத் தோற்றத்தில் இன்னொரு படிநிலை கூடும். எளியதில் தொடங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது. குறை, தளம் செங்குத்தாக இருப்பது நாம் செய்த தேர்வு என்று ஒரு வாக்கியம்கூடச் சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. அது சொல்லப்படாததால் மாணவர் நேர்குத்து எப்போதும் நேர்குத்தாகவே வரையப்பட வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார். பிறகு மூன்று புள்ளிப் படத்தைக் காணும்போது அது வேறொரு கலை என்று நினைத்துக்கொள்கிறார். கம்ப்யூட்டர் வந்த பிறகு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கட்டட வடிவமைப்பாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஸ்கெட்ச்அப் மென்பொருளில் சாதாரண பெர்ஸ்பெக்டிவ் ஒரு தேர்வு, இரண்டு புள்ளி பெர்ஸ்பெக்டிவ் இன்னொரு தேர்வு. மூன்று புள்ளி என்று தனித் தேர்வு கிடையாது. பார்வையைச் சாய்த்தால் மூன்றாவது புள்ளி தானாக வந்துவிடும். அதை அடக்கி வைக்கத்தான் தனிப் பொத்தான் வேண்டியிருக்கிறது. மென்பொருள் கோடு போடும். எங்கே நிற்பது, எவ்வளவு அண்ணாந்து பார்ப்பது என்பதை அது முடிவு செய்யாது.

கீழே பார்ப்பதற்கும் இதே விதிதான். திருவண்ணாமலை அதற்கும் இடம் தருகிறது. ரமணர் 1916 முதல் 1922 வரை தங்கியிருந்த ஸ்கந்தாசிரமத்துக்குப் போகும் மலைப்பாதையிலிருந்து பார்த்தால் கோயில் முழுவதும் தரைப்படம்போலக் கீழே விரியும். தெருவில் நிற்பவருக்கு அடிவானக் கோடு எதிரே நிற்பவர்களின் தலைகளைத் தொட்டுக்கொண்டு கோபுரத்தின் அடியில் ஓடுகிறது. மலையிலிருந்து பார்ப்பவருக்கு அது ராஜகோபுரத்தின் உச்சிக்கும் மேலே எழும்பிவிடுகிறது. பார்வை தாழ்வதால் நேர்குத்துகளின் மறைபுள்ளி இப்போது தரைக்கு அடியில். கோபுரங்கள் கீழ்நோக்கிக் குவிகின்றன. குவிதல் மிக மெல்லியது. பார்வை 10 பாகை தாழ்ந்தால் அந்தப் புள்ளி 30 சென்டிமீட்டர் தளக்கணக்கில் 170 சென்டிமீட்டர் கீழே. இங்கேயும் கோபுரத்தின் சொந்தக் குறுகல் குறுக்கே வரும். அது மேல்நோக்கிக் குறுகும், பார்வைக் குவிதல் கீழ்நோக்கிக் குறுகும். ஒன்றையொன்று சற்றே எதிர்ப்பதால் மேலிருந்து பார்க்கும் கோபுரம் தெருவிலிருந்து பார்த்ததைவிடக் கட்டையாக, தடித்துத் தெரியும். நான்கு பெரிய கோபுரங்களும் ஒரே திசையமைப்பில் நிற்பதால் அவற்றின் கிடைக்கோடுகள் அத்தனைக்கும் இரண்டே மறைபுள்ளிகள் போதும். ஒரு கோபுரத்தைச் சரியாக வைத்துவிட்டால் மற்ற மூன்றும் அதே புள்ளிகளுக்குக் கட்டுப்பட்டு வரும். மலை மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. கடல் மட்டத்திலிருந்து 2,668 அடி உயர்ந்து நிற்கும் அதற்கு இணைகோடும் இல்லை, மறைபுள்ளியும் இல்லை. நகரத்துக்குள் நடந்து கிழக்கே போகப் போகக் கோபுரம் மளமளவென்று சிறுக்கும். அதற்குப் பின்னால் மலை கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும். பக்கத்தில் உள்ளது வேகமாகவும் தூரத்தில் உள்ளது மெதுவாகவும் சுருங்கும் என்ற விதியை ஒரே பார்வையில் காட்டும் ஏற்பாடு இது.

மூன்றாவது புள்ளி வெறும் தோற்றம் அல்ல, தகவல் என்பதற்கு வலுவான ஆதாரம் அளவெடுப்புத் தொழிலிலிருந்து வருகிறது. 1858இல், டிரைப் தஞ்சையைப் படமெடுத்த அதே ஆண்டில், ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பாவர் உயரத்திலிருந்து விழப் பார்த்தார். ஏறி அளப்பதற்குப் பதிலாகப் படமெடுத்துப் படத்தை அளந்தால் என்ன என்று அவர் யோசித்ததில் வளர்ந்ததே போட்டோகிராமெட்ரி. 1885இல் பிரஷ்ய அரசு அதற்கெனத் தனி நிறுவனமே அமைத்தது. இன்று பழைய கட்டடங்களை ஆவணப்படுத்துவோர் நம்பியிருக்கும் கருவி அது. அதன் அடிப்படைகளில் ஒன்று நம் மூன்று புள்ளிகள்தான். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளின் மறைபுள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். ஒவ்வொரு முனையிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்துக் கோடு இறக்கினால் மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும். அந்த இடமே படத்தின் உண்மையான மையம்; அதிலிருந்து கண் இருந்த தூரம், பார்வையின் சாய்வு எல்லாவற்றையும் மீட்டெடுக்கலாம். அடித்தளத்தின் 135 அடி தெரிந்தால் மற்ற அளவுகளை அதிலிருந்து கணக்கிடத் தொடங்கலாம். ராஜகோபுரத்தில் இதற்கு வேண்டிய நேர்குத்துக் கோடுகள் கருங்கல் அடித்தளத்திலேயே இருக்கின்றன. சரிவு விளிம்புகளைத் தொடக்கூடாது. தளம் செங்குத்தாக இருந்து இரண்டே மறைபுள்ளிகள் உள்ள படத்தில் இந்த முக்கோணம் மூடாது. ஓரங்களை வெட்டிவிட்டால் மையம் எங்கே இருந்தது என்பதே தெரியாமல் போகும். ஆகையால் மூலையில் நின்று அண்ணாந்து எடுத்த, சாய்ந்த கோபுரத்தின் படம், ஓரம் வெட்டுப்பட்ட பிறகும்கூட, தான் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. போனில் நிமிர்த்தும் பொத்தானை அழுத்தும்போது அழிவது அந்தப் பதிவு. சுதை உதிர்வதையும் விரிசல் விடுவதையும் பத்து இருபது ஆண்டுகள் கழித்து ஒப்பிட நினைப்பவர்களுக்கு, நிமிர்த்தாத மூலப் படமே பயன்படும்; நிமிர்த்திய பிரதியைத் தனியாகச் சேமித்துக்கொள்ளலாம்.